நான்காம் நாள் பிற்பகல்

சென்ற மாதம் வேளச்சேரியிலிருந்து என் சகலை தொலைபேசியில் அழைத்தார். பார்சிலோனாவிலிருந்து மயாமிக்குப் பதினான்கு இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு கப்பலின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டிருந்தது. கட்டணத்தை நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தபோது, நடுத்தரமான ஓர் ஓட்டல் அறையின் வாடகைக்குள் அறையும் மூன்று வேளை உணவும் அடங்கிவிடுவதைக் கண்டு, ஏறத்தாழ முடிவே செய்துவிட்டிருந்தார். "ரெண்டு தடவ போயிட்டு வந்தவர் நீங்க. எங்களுக்கு ஒத்து வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பயணத்திட்டத்தை அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

அனுப்பிய தாளில், துறைமுகம் வரும் நாட்களுக்கு நேரே ஊர்ப்பெயர், சேரும் நேரம், புறப்படும் நேரம் எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. கேனரித் தீவுகளில் தெனெரிஃபேயைக் கடந்த பிறகு, ஏழு வரிகளுக்கு 'கடலில்' என்ற ஒரே சொல் மட்டும் இருந்தது. சகலை ஊர்ப்பெயர்களைப் படித்துவிட்டு மகிழ்ந்திருந்தார். எனக்கோ அந்த ஏழு வரிகள்தான் பயணம் என்று பட்டது. மற்றவை அதற்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை.

நானும் என் மனைவியும் அட்லாண்டிக்கை இருமுறை கப்பலில் கடந்திருக்கிறோம். 2019 செப்டம்பரில், லண்டனில் உள்ள மகன் வீட்டிலிருந்து நியூஜெர்சியில் உள்ள மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தபோது, எட்டு மணி நேர விமானத்தை விட்டுவிட்டு, சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குவீன் மேரி 2 கப்பலில் ஏழு இரவுகள் சென்றோம். 2023 நவம்பரில், சகலை இப்போது பார்த்துவைத்திருப்பதைப் போன்றதே ஆன பார்சிலோனா–மயாமி தடத்தில், வேறொரு நிறுவனத்தின் கப்பலில் பதினான்கு இரவுகள் சென்றோம். முதல் பயணம் எனக்கு நான்கு நாட்கள் ஒத்துவரவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து ஒத்துவந்தது. என் மனைவிக்கோ ஏறிய முதல் மணி நேரத்திலிருந்தே ஒத்துவந்தது. புறப்படும் முன் யாராவது என்னைக் கேட்டிருந்தால், இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருப்பேன்.

இந்த இரண்டு வகைப் பயணங்களும் பெயரளவில் ஒன்றாக இருந்தாலும், ஒன்றுக்கொன்று தூரத்து உறவு மட்டுமே. குவீன் மேரி 2, பிரான்சின் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 345 மீட்டர் நீளம். வட அட்லாண்டிக்கின் அலையைத் தாங்குவதற்கென்றே நீண்ட முன்மூக்கும் கனத்த உடலும் அமைத்துக் கட்டிய கப்பல் அது. இடையில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சுமார் 3,150 கடல் மைல்களைக் கடக்கிறது. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1952-இல் எஸ்எஸ் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் இதே கடலை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்து சாதனை படைத்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நாம் ஏழு இரவுகள் எடுத்துக்கொள்கிறோம். அவசரப்படுகிறவர்கள் எல்லாரும் விமானத்துக்குப் போய்விட்டார்கள். கப்பலில் மிஞ்சியவர்களுக்கு மெதுவாகப் போவதே வேண்டியிருக்கிறது. எரிபொருளும் மிச்சம்.

மற்றொரு வகை, ஆங்கிலத்தில் ரீபொசிஷனிங் என்று சொல்லப்படுவது. கோடை முழுவதும் மத்தியதரைக் கடலில் சுற்றிக்கொண்டிருக்கும் உல்லாசக் கப்பல்கள், குளிர் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கரீபியனுக்கு இடம் மாறுகின்றன; ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வருகின்றன. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கப்பல் போயே தீர வேண்டும். காலியாகப் போவதை விடக் குறைந்த கட்டணத்துக்காவது ஆளை ஏற்றிக்கொண்டு போவது மேல் என்பதால்தான் அந்த விலை. கருவூலத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில், விலை மலிவாக இருக்கும் இடத்தில் எதை விற்கிறார்கள் என்று பார்ப்பது என் பழக்கம். இங்கே அவர்கள் விற்பது, மற்றப் பயணங்களில் விலை போகாத சரக்காகிய கடல்நாட்களை.

கடல்நாள் என்பது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டவர்களுக்கு, முதலில் நானும் நிகழ்ச்சிப் பட்டியலைத்தான் சொல்வேன். காலையில் விண்வெளி பற்றியோ கடல் வரலாறு பற்றியோ சொற்பொழிவு, பிறகு நீர்வண்ண ஓவிய வகுப்பு, நடன வகுப்பு, மாலையில் தேநீர், இரவில் நாடகம். குவீன் மேரியில் கோளரங்கம் ஒன்றும், கடலில் செல்லும் நூலகங்களிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்ற நூலகமும் உள்ளன. நாய்களுக்கும் பூனைகளுக்கும்கூடத் தங்குமிடம் உண்டு. கால் தூக்கும் வசதிக்காக நாய்களின் தளத்தில் ஓர் ஆங்கிலேயத் தெருவிளக்குக் கம்பமும் ஓர் அமெரிக்கத் தீயணைப்புக் குழாயும் நட்டுவைத்திருக்கிறார்கள். இவ்வளவு இருக்கும் இடத்தில் பொழுது போகாமலா இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் ஏறினேன். ஏறிய அன்றே நிகழ்ச்சித் தாளில் பேனாவால் குறித்துக்கொண்டு, அலுவலகத்துக்குப் போவதைப் போல ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்தேன். மூன்று நாட்கள் அப்படியே ஓடின.

நான்காம் நாள் பிற்பகலில்தான் அது நேர்ந்தது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை, நடக்காததுதான் விஷயம். மூன்று மணி இருக்கும். நூலகத்தின் முன்பக்கச் சன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரே பக்கத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே காலையில் பார்த்த அதே சாம்பல் நிறக் கடல், அதே தொடுவானம். நண்பகலில் தலைமை மாலுமி ஒலிபெருக்கியில் கப்பல் இருக்கும் இடத்தையும் கீழே உள்ள ஆழத்தையும் சொல்லியிருந்தார். அதை வைத்து மனத்துக்குள் கணக்குப் போட்டேன். இன்னும் மூன்று நாள். எழுந்து ஏழாம் தளத்துக்குப் போய் நடந்தேன். அந்தத் தளத்தில் கப்பலை முழுக்கச் சுற்றி வரலாம்; மூன்று சுற்று வந்தால் ஒரு மைலுக்குச் சற்று மேல். ஆறு சுற்று நடந்தும் நாற்பது நிமிடம் சொச்சம் தான் கழிந்திருந்தது. பிறகு வரவேற்பு மேசைக்குப் போய், நியூயார்க்கில் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று கேட்டேன். அங்கிருந்த இளம்பெண் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அந்த நேரம் முன்பே தெரியும் என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து மனைவியைத் தேடிக்கொண்டு போனேன். ஒரு மூலையில் ஜிக்சா புதிருக்கென்று போட்டிருந்த மேசையில், யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஒரு மூதாட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஆயிரம் துண்டுகள், பாறையும் கலங்கரை விளக்கமும் முடிந்திருந்தன, எஞ்சியவை எல்லாம் நீலம். அந்த அம்மாவின் ஆங்கிலம் இவளுக்குப் பாதிதான் புரியும். இவளுடைய ஆங்கிலம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. இருவரும் பேசவும் இல்லை. ஒரு துண்டை எடுப்பது, திருப்பிப் பார்ப்பது, வைத்துப் பார்த்துப் பொருந்தாமல் மீண்டும் தட்டில் போடுவது. "மூணு நாளா இதே வேலையா?" என்று கேட்டேன். "ஏங்க, நீங்க இன்னும் ஒரு சுத்து நடந்துட்டு வாங்களேன். எங்களுக்கு வானம் முழுக்கப் பாக்கி இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை கண் விழித்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் சந்திக்கும் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் மூடுபனி வழக்கமான விருந்தாளி. பனிக்குள் ஓடும் கப்பல் இரண்டு நிமிட இடைவெளிக்கு மேற்படாமல் ஒரு நீண்ட ஒலி எழுப்ப வேண்டும் என்பது கடல் விதி. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதும் இதே கடலின் இந்தப் பக்கத்தில்தான் என்பது கப்பலில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை. தளத்துக்குப் போனால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. கடலும் இல்லை, வானமும் இல்லை. சங்கு ஊதி ஓயும், அடுத்த ஊதலுக்காகக் காது காத்திருக்கும், மறுபடி ஊதும். அன்று நிகழ்ச்சித் தாளை நான் எடுக்கவே இல்லை. ஒரு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பகல் உணவு வரை உட்கார்ந்திருந்தேன் என்பதை, மகளிடம் பிற்பாடு சொன்னபோது அவள் நம்பவில்லை. "அப்பா, நீங்களா?" என்றாள்.

எனக்கு இருந்த நோய், பொழுதை நிரப்பியே ஆக வேண்டும் என்ற பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. கப்பலின் நிகழ்ச்சிகள் அந்த நோய்க்கு மூன்று நாள் தீனி போட்டன. நான்காம் நாள் தீனி அலுத்துப்போனது. 2023-இல் ஏழு கடல்நாட்கள் தொடர்ந்து வந்தபோதும், சொல்லிவைத்தாற்போல நான்காம் நாள் பிற்பகல் அதே சோர்வு வந்தது. இம்முறை அது யார் என்று தெரிந்ததால், உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். எனவே, இரண்டு கடல்நாட்கள் கொண்ட ஒரு குறுகிய பயணம் போய்விட்டு வந்து, கடல் எனக்கு ஒத்துக்கொண்டது என்று சொல்பவர்களின் பேச்சை நான் அரைகுறையாகவே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் யாருக்கும் ஒத்துக்கொள்ளும்.

உடம்பு ஒத்துக்கொள்வது வேறு கதை. என் தந்தை இளம் வயதில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரஜூலா கப்பலில் வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி எவ்வளவு கிளறிக் கேட்டாலும், மடியில் கட்டிவைத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான் சொல்வார். அந்த வயிறு எனக்கும் வந்திருக்கிறது. முதல் பயணத்தில் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், உயரமான தளத்தில், கப்பலின் முன்பக்கம் அறை எடுத்தேன். கப்பல் பக்கவாட்டில் உருள்வதை, நீருக்குள் சிறகு போல் நீளும் ஸ்டெபிலைசர்கள் பெருமளவு அடக்கிவிடுகின்றன. ஆனால் மூக்கைத் தூக்கித் தூக்கி இறக்கும் ஆட்டத்துக்கு அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆட்டம் முன்கோடியில்தான் அதிகம். இரண்டாம் நாள் இரவு, அயர்லாந்துக்குத் தெற்கே திறந்த கடலுக்குள் நுழைந்தபோது, அலமாரிக்குள் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசையைக் கேட்டுக்கொண்டே விடிய விடியப் படுத்திருந்தேன். காலையில் வெளியே வந்து பார்த்தால் மாடிப்படிக் கைப்பிடிகளில் காகிதப் பைகளைச் செருகிவைத்திருந்தார்கள். கப்பல் ஊழியர்கள் அந்தப் பைகளை வெளியே எடுத்துவிட்டால், அடுத்த சில மணி நேரம் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு வானிலை அறிக்கை வேண்டியதில்லை.

உணவுக்கூடப் பணியாளர்களில் தூத்துக்குடிப் பையன் ஒருவன் இருந்தான். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு முதல் நாளே வந்து அறிமுகம் செய்துகொண்டவன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தான். "சார், வெறும் வயித்தோட படுக்காதீங்க. கடல் வெறும் வயித்தத்தான் மொதல்ல தேடி வரும்" என்றான். சைவ உணவைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கும் அவனே பதில் சொன்னான்: முந்தின இரவே சொல்லிவிட்டால் மறுநாளுக்குப் பருப்பும் காய்கறியும் சோறும் செய்து தந்துவிடுவார்களாம். தந்தார்கள். ரசம் மட்டும் நியூஜெர்சி வரை காத்திருந்தது.

இரண்டாம் பயணத்தில் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில், சின்னச் சன்னல் உள்ள அறையை எடுத்தேன். விலையும் குறைவு, ஆட்டமும் குறைவு. மெக்லிசின் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். கேட்டு என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். குமட்டலுக்கான மாத்திரைகளும் காதுக்குப் பின் ஒட்டும் பட்டையும் தூக்கம் வரவழைக்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். எங்கள் வயதில் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

தெற்குத் தடம் கடலின் குணத்தையே மாற்றிவிடுகிறது. 1492 செப்டம்பர் 6 அன்று கேனரித் தீவுகளின் லா கொமேராவிலிருந்து கிளம்பிய கொலம்பஸ், வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை (டிரேட் விண்ட்) முதுகில் வாங்கிக்கொண்டு முப்பத்தாறு நாளில் அக்கரை கண்டார். இன்றைய உல்லாசக் கப்பல் ஏறத்தாழ அதே காற்றோடு எட்டு நாளில் போகிறது. காற்று பின்னாலிருந்து வருவதால், கப்பலும் அதே திசையில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுவதால், மேல்தளத்தில் நின்றால் சேலைத் தலைப்புக்கூட அசையாத நேரங்கள் உண்டு. அலை உருண்டு வந்து கப்பலைக் கடந்து போவதைப் பார்க்கிறோம், ஆனால் முகத்தில் காற்றே இல்லை. நடுக்கடலில் ஒரு முற்றத்தில் நிற்பது போல இருக்கும். ஒவ்வொரு நாளும் வெயில் கொஞ்சம் ஏறும். மூன்றாம் நாள் கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போனது. ஐந்தாம் நாள் சர்காசோக் கடலின் பழுப்பு மஞ்சள் பாசி, கோலப்பொடி சிந்தியதைப் போல நீண்ட கோடுகளாக மிதந்து வந்தது. கப்பலின் மூக்குக்கு அடியிலிருந்து பறவைமீன்கள் கிளம்பி, தண்ணீரைத் தொடாமல் வெகுதூரம் சறுக்கிப் போய் விழும். நான் முதலில் அவற்றைக் குருவிகள் என்றே நினைத்தேன். வேறு கப்பல் ஒன்றைக்கூட நான்கு நாட்கள் காணவில்லை.

அந்தக் கப்பலில் நூலகம் என்று இரண்டு கண்ணாடி அலமாரிகள் இருந்தன. அவற்றில் ஒன்று பூட்டியிருந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். பள்ளி நடக்கும் மாதம் என்பதால் குழந்தைகளின் குரலே இல்லை. பேரப்பிள்ளைகளின் இரைச்சல் இல்லாமல் நிம்மதியாக இருக்கும் என்று வந்தவர்கள், ஐந்தாம் நாள் இரைச்சலைத் தேடினார்கள். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், என் தந்தையின் நாட்குறிப்புகளை ஒளிப்படம் எடுத்து மடிக்கணினியில் போட்டுக்கொண்டு போனது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அவற்றைத் தட்டச்சு செய்தேன். முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லாத, ஆனால் கையைப் பிடித்து உட்கார வைக்கும் ஒரு வேலை. குரோஷே பின்னுவதோ, ஒரு பாட்டைப் பாடம் செய்வதோ, எதுவானாலும் சரி. படிக்கப் போகிறேன் என்று ஆறு புத்தகங்களைச் சுமந்து வருவது மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேற்கு நோக்கிப் போகும்போது, சில இரவுகளில் தலையணை மேல் ஒரு சிறு அட்டை இருக்கும்: இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் ஐந்து மணி நேரம். ஆக, ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து மணி நேரம் கிடைக்கிறது. விமானத்தில் வந்தால் ஒரு வாரம் உடம்பை முறுக்கும் நேர மாற்றம், கப்பலில் தெரியாமலே தீர்ந்துவிடுகிறது. கிழக்கு நோக்கித் திரும்பினால் அதே ஐந்து மணி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். குவீன் மேரியில் அதை நண்பகலில் எடுத்துக்கொள்கிறார்கள், பன்னிரண்டு மணி நேராக ஒரு மணியாகிவிடும். பகல் தூக்கத்தைப் பறிகொடுக்க விரும்பாதவர்கள் மேற்கு நோக்கியே போகலாம். கடல்நாள் அலுக்குமோ என்று அஞ்சுபவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல்: அலுப்பான நாளும் ஒரு மணி நேரம் நீளும்.

இனிக் காகித வேலைகள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பாவில் ஏறுவதற்கு, அங்குள்ள பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் இறங்குவதற்கு அமெரிக்க விசாவும் கையில் இருந்தால்தான் கப்பலிலேயே ஏற்றுவார்கள். சவுத்தாம்ப்டனில் ஏறுவதென்றால் பிரிட்டிஷ் விசா. கப்பல் நடுவில் மொராக்கோவில் நின்றுவிட்டு மறுபடி ஸ்பெயினின் தீவுகளுக்குப் போனால், ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதாகிறது. ஒருமுறை மட்டும் நுழையும் விசா அங்கே கைவிட்டுவிடும். டிப்ஸ் என்ற பெயரில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினாறு முதல் இருபது டாலர் வரை கணக்கில் தானாக ஏறும்; பதினான்கு நாளுக்கு இருவருக்கும் பெருக்கிப் பாருங்கள். இணையம் தனி, பானங்கள் தனி, திரும்பி வரும் விமானம் தனி. எங்கள் இரண்டாம் கப்பலில் இணையக் கட்டணத்தை இருமுறை பற்றெழுதிவிட்டு, அதைத் திருத்துவதற்கு என்னை மூன்று முறை வரிசையில் நிற்கவைத்தார்கள். செய்ய வேலை இல்லாத இடத்தில் அதுவும் ஒரு வேலையாக அமைந்தது. தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றை அறிந்துகொள்ள வேண்டும்: அறைக்கு இருவர் என்றே விலை வைத்திருப்பதால், ஒற்றை ஆளிடம் பெரும்பாலும் இரண்டு ஆள் கட்டணத்தையோ அதற்கு நெருங்கியதையோ வாங்கிவிடுகிறார்கள்.

காகிதங்களில் நான் மிகவும் நேரம் செலவிட்டது காப்பீட்டுக்குத்தான். கப்பலில் மருத்துவர் உண்டு, சிறிய மருத்துவமனையும் உண்டு. ஆனால் நடுக்கடலில் எந்தக் கரையிலிருந்தும் ஹெலிகாப்டர் எட்டாத நாட்கள் சில இருக்கின்றன. அந்த நாட்களில் நெஞ்சு வலித்தால், கப்பல் பக்கத்துத் தீவை நோக்கித் திரும்ப வேண்டும், அல்லது கரை நெருங்கும்வரை பொறுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதிக்கொடுத்து, கடலிலிருந்து நோயாளியைக் கரைக்கு எடுத்துச் செல்லும் செலவும் அடங்குகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். இதயத்துக்குக் குழாய் வைத்து ஆறு மாதம் ஆகாத ஒருவர் என்னிடம் கேட்டபோது, கடல் அங்கேயேதான் இருக்கும், அடுத்த ஆண்டு போகலாம் என்றேன்.

இவ்வளவையும் சகலையிடம் சொல்லலாம். இவற்றில் எதுவும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது என்பதால்தான் ஒரு வாரம் தயங்கினேன். அவர் உடல்நலம் என்னுடையதை விட மேல். பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில் காலை நான்கு மணிக்கே சமையல்கட்டில் நின்று காய்கறி எண்ணுகிறவர் அவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி மூழ்கியபோது, நாங்கள் மயாமியில் இறங்கி நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்திருந்தோம். அவர்கள் வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர், மின்சாரம் இல்லை, தொலைபேசி எப்போதாவது கிடைக்கும். கிடைத்த ஒரு முறையும் அவர் வீட்டில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் பால் தேடிப் போயிருக்கிறார் என்று மைத்துனி சொன்னாள். தேடிக் கொண்டுவந்து, தெரு முழுவதற்கும் பங்கிட்டிருக்கிறார். மறுநாள் மெழுகுவத்திக்காகப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் எதற்காகப் போனார் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மைத்துனியோ மாடிப் படிக்கட்டின் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பத்து ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த எம்பிராய்டரி விரிப்பை முடித்துவிட்டாள். தண்ணீர் வடிந்த பிறகு என் மனைவியிடம், வெளியே சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு, "அந்த மூணு நாளும் எனக்கு நிம்மதியாவே இருந்துச்சுக்கா" என்றாளாம்.

ஒரு வாரம் கழித்து சகலையை அழைத்தேன். "கப்பல்ல பால் தேடிப் போக வேண்டியதில்ல, மாப்பிள. எல்லாம் மேசைக்கே வந்துரும். ஏழு நாள் ஒங்களால யாருக்கும் ஒரு உதவியும் தேவைப்படாது. அது ஒத்து வருமான்னு மட்டும் பாருங்க" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தம் இல்லை. பிறகு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று முன்தினம் மைத்துனியே அழைத்தாள். பதிவு செய்தாகிவிட்டது, கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், சன்னல் உள்ள அறை. சகலை விமானத்தில் நேராக மயாமிக்கு வந்து, துறைமுகத்துக்கு வண்டியோடு வந்து நிற்பாராம். அதற்குள் அங்கே வீடு பார்ப்பது முதல் அரிசி வாங்குவது வரை எல்லாப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, இப்போதே பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டாராம். ஒற்றை ஆளுக்கு இரட்டைக் கட்டணம் வீணாக எதற்கு என்று, அறையின் இரண்டாவது படுக்கைக்கு என் மனைவியின் பெயரைக் கொடுத்திருக்கிறாள். ஆயிரம் துண்டுப் புதிர் போதுமா, இரண்டாயிரம் வாங்கட்டுமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னை இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.